கோழிக்கொட்டகைக்கும் ஆட்டுப்பட்டிக்கும் எந்த வேலி போடலாம்? ஒரே ராத்திரியில் 11 கோழி போய்விட்டது

முற்றத்துக்கோழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 30 கோழி இருந்தது, இப்போது 19. வெள்ளாடு 8, அதில் மூன்று குட்டி. கோழிகள் ராத்திரி அடைவது 3 மீட்டருக்கு 4 மீட்டர் கொட்டகையில். இடுப்பளவு செங்கல் சுவர், அதற்கு மேல் அறுகோணக் கண் வைத்த சாதாரணக் கோழிவலை, தகரக் கூரை. பகலில் திரிய வெளியே ஒரு முற்றம், அதைச் சுற்றியும் அதே கோழிவலைதான், 4 அடி உயரம். ஆடுகளுக்குத் தனி இடம், ஐந்து வரிசை முள்கம்பி.

மூன்று நாள் முன்பு காலையில் போய்ப் பார்த்தால் கொட்டகைக்குள் 11 கோழி போயிருந்தது. இரண்டை மட்டும் காணவில்லை, மீதி ஒன்பதும் கழுத்தில் கடிபட்டு அப்படியே கிடக்கின்றன. தின்னவாவது தின்றிருந்தால் மனசு ஆறியிருக்கும், சும்மா கொன்று போட்டுவிட்டுப் போயிருக்கிறது. முற்றத்து வலையில் ஒரு மூலையில் தரையை ஒட்டி முஷ்டி அளவுக்கு ஓட்டை இருக்கிறது. அதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு ஆட்டுக்குட்டிக்குப் பின்தொடையில் கடி, பிழைத்துக்கொண்டது.

இப்போது ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அண்ணன் நிலம் முழுக்க மின்வேலி போடு என்கிறார். கம்பிக் கடைக்காரர் செயின் லிங்க், அதாவது கம்பியைப் பின்னிச் செய்த வலை, போட்டால் எதுவும் உள்ளே வராது என்கிறார். சுற்றளவு 240 மீட்டர் வரும், முழுக்கச் செய்ய இப்போதைக்குக் கையில் வசதி இல்லை. எதைப் போடலாம்? வலையை எவ்வளவு ஆழம் புதைக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


கடப்பாரை எழுதியது:

வேலியை விடுங்கள், முதலில் வந்தது யார் என்று கண்டுபிடியுங்கள். ஆள் தெரியாமல் வேலி போட்டால் பணம் ஒரு பக்கம், ஓட்டை இன்னொரு பக்கம் என்று ஆகிவிடும்.

நீங்கள் சொல்வதிலிருந்தே எனக்குத் தெரிவது, கோழியைக் கொன்றதும் குட்டியைக் கடித்ததும் ஒன்றல்ல. பின்தொடை, பின்னங்கால் கடி பெரும்பாலும் நாயின் வேலை. துரத்தும்போது பின்னாலிருந்து பிடிக்கும், கையில் கிடைத்த இடத்தைக் கிழிக்கும். பூனை இனம் என்றால் நேராகத் தொண்டைக்குத்தான் போகும். கோழி ஒன்பதைக் கொன்று போட்டுவிட்டுப் போனது, அடைப்புக்குள் புகுந்த சின்ன வேட்டை விலங்கு செய்வது. வெளியில் என்றால் ஒன்றைப் பிடித்ததும் மற்றவை பறந்துவிடும், இங்கே ஓட இடமில்லாமல் சிறகடித்துக்கொண்டே இருக்கும். அது அடிக்க அடிக்க இதுவும் கடித்துக்கொண்டே இருக்கும். நரி செய்யும், கீரி செய்யும்.

இன்று சாயங்காலம் முற்றத்து ஓட்டைக்கு வெளியேயும் கொட்டகைக் கதவுக்கு முன்னும் மண்ணைச் சலித்து மெல்லிசாகப் பரப்பி வையுங்கள். காலையில் தடத்தை எண்ணுங்கள். நான்கு விரல், நகமும் பதிந்திருந்தால் நாய் அல்லது நரி. நான்கு விரல், நகம் இல்லை என்றால் பூனை இனம். ஐந்து விரல் என்றால் கீரி, மரநாய் வகை.

அப்புறம் அந்த ஓட்டையைச் சரியாகப் பாருங்கள். கம்பி இழுபட்டு வளைந்து கிழிந்திருக்கிறதா, துருப்பிடித்து உதிர்ந்திருக்கிறதா? இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. தரையை ஒட்டிய கோழிவலை ஈரத்தில் தானாகவே உதிரும், யாரும் கிழிக்க வேண்டியதில்லை.


தோட்டக்காரி எழுதியது:

கடப்பாரை அண்ணா சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். கீரி பகலில் திரிகிற விலங்கு, ராத்திரி அடைந்த கோழியைத் தேடி வருவது அபூர்வம். எனக்கு மரநாய் மேல்தான் சந்தேகம்.

இன்னொன்று, யாரும் கவனிக்கவில்லையா? ஓட்டை இருப்பது முற்றத்து வலையில். கோழி செத்தது கொட்டகைக்குள். முற்றத்துக்குள் எது வேண்டுமானாலும் வந்திருக்கட்டும், கொட்டகைக்குள் எப்படிப் போனது? தம்பி, அன்றைக்குக் கதவு சாத்தியிருந்ததா?

மரநாய் தரையில் வருவதைவிட மரத்தில் வருவதுதான் அதிகம். கொட்டகைக் கூரை மேல் கிளை ஏதாவது தொங்குகிறதா பாருங்கள். கூரை மேல் ஏறிப் பார்த்தால், விதை விதையாக இருக்கிற எச்சம் கிடந்தால் ஆள் அதேதான், அது பழமும் தின்னும் கோழியும் தின்னும். தகரத்துக்கும் சுவர் வலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள். எங்கள் வீட்டில் நான் முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி வலை புதைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன், அது மேலே இருந்து ஜம்மென்று இறங்கி ஆறு வாத்தைக் கொண்டுபோனது. அந்தக் குழி வெட்டிய முதுகுவலி இன்னும் இருக்கிறது, வாத்துதான் இல்லை.


வெல்டிங்பொறி எழுதியது:

வலை பற்றி மட்டும் நான் சொல்கிறேன், கம்பி வேலைதான் என் தொழில்.

அறுகோணக் கோழிவலை கோழி வெளியே போகாமல் இருக்கச் செய்தது. வெளியே இருப்பது உள்ளே வராமல் தடுக்க அது செய்யப்படவில்லை. 20, 22 கேஜ் கம்பி, அதாவது ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது, வெறுமனே முறுக்கி விட்டது. நாய் பல்லில் பிடித்து இழுத்தால் பிரிந்துவிடும். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும், இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 16 கேஜ் 1.6 மி.மீ., 14 கேஜ் 2 மி.மீ., 10 கேஜ் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல்.

ராத்திரிக் கொட்டகைக்கு வெல்டு மெஷ், அதாவது குறுக்கும் நெடுக்குமாகக் கம்பியைப் பற்றவைத்த வலை, போடுங்கள், கண் 12 மி.மீ., அதாவது அரை அங்குலம். இந்தச் சின்னக் கண் வலையில் கம்பி ஒரு மி.மீ. தடிமனாவது இருக்க வேண்டும். இதில் கீரி, மரநாய், பெரிய எலி, பெரிய பாம்பு எதுவும் நுழையாது. குட்டிப் பாம்பு வரைக்கும் நிறுத்த வேண்டும் என்றால் 6 மி.மீ. கண் வேண்டும், ஆனால் அது சீக்கிரம் தூசி அடைத்துக் காற்றைக் குறைக்கும். நானாக இருந்தால் அடியில் ஒரு முழம் மட்டும் அதைப் போடுவேன். ஒரு அங்குலக் கண் வலையை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள், மெலிந்த உடம்பு விலங்கு பலவற்றுக்கு ஒரு அங்குலம் வாசல்.

வெல்டு பண்ணிய பிறகு துத்தநாகம் பூசிய வலையா, துத்தநாகம் பூசிய கம்பியை எடுத்து வெல்டு பண்ணியதா என்று கேட்டு வாங்குங்கள். பின்னதில் ஒவ்வொரு புள்ளியிலும் பூச்சு எரிந்துபோயிருக்கும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். சந்திப்புப் புள்ளியைப் பாருங்கள், பூச்சு கட்டியாகத் திரண்டு வழிந்த மாதிரி இருந்தால் முதல் ரகம்.

வலையைச் சட்டத்தில் அடிப்பதிலும் விஷயம் இருக்கிறது. வெறும் ஆணியை வளைத்து அடித்தால் தள்ளினதும் பிடுங்கிக்கொண்டு வரும். அகல வாஷர் வைத்து ஸ்குரு போடுங்கள், 15 செ.மீ.க்கு ஒன்று. வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கம் அடியுங்கள், அப்போது தள்ளுகிற வேகம் சட்டத்தில் இறங்கும், ஸ்குருவில் இறங்காது. இரண்டு துண்டு வலை சேரும் இடத்தில் ஒரு சாண் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கட்டும், கட்டுக்கம்பியால் தைத்துவிடுங்கள்.

செயின் லிங்க் நல்லதுதான், ஆனால் கடைக்காரர் சொன்ன மாதிரி எதுவும் வராது என்பது சரியில்லை. 50 மி.மீ. கண்ணில் குஞ்சு வெளியே போகும், கீரி உள்ளே வரும். நாயை நிறுத்தும், அதுவும் அடியில் ஒரு இழுவைக்கம்பி ஓட்டி வலையை அதோடு கட்டியிருந்தால்தான். இல்லாவிட்டால் மூக்கை விட்டுத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடும்.


மேய்ச்சல் எழுதியது:

நான் ஆட்டுக்காரன், கோழி பற்றித் தெரியாது.

240 மீட்டரை மறந்துவிடுங்கள். எட்டு ஆட்டுக்கு ராத்திரி அடைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் பட்டி தாராளம், சுற்றளவு 16 மீட்டர். கோழிக்கொட்டகை 14 மீட்டர். ஆக 30 மீட்டர் வேலையை உயிரைக் கொடுத்துச் செய்தால் முக்கால்வாசி ஆபத்து முடிந்தது, ஏனென்றால் வருவதில் பெரும்பகுதி இருட்டில்தான் வருகிறது. பகலில் நீங்கள் கண்ணில் படுகிற தூரத்தில் இருப்பீர்கள். 240 மீட்டரைச் சுமாராகப் போட்டால் அதில் எங்கே பலவீனம் என்று நாய்க்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் டிங்கோ நாய்களைத் தடுக்க 5,600 கி.மீ. நீளத்துக்கு வேலி இருக்கிறது, அவ்வளவு பெரிய வேலிக்கே ஆள் போட்டு ஓயாமல் சுற்றிவந்து ஓட்டை அடைக்கிறார்கள். வேலி நீளம் கூடினால் பார்க்கிற வேலையும் கூடும்.

முள்கம்பி ஆட்டை உள்ளே வைக்கவும் உதவாது, நாயை வெளியே வைக்கவும் உதவாது. வரிசைக்கு நடுவே நாய் படுத்துக்கொண்டு வந்துவிடும். உங்கள் ஆடுதான் பயந்து பாய்ந்து மடியைக் கிழித்துக்கொள்ளும்.

பட்டிக்கு முடிச்சு வலை வாங்கினால் கண் அளவை ஜாக்கிரதையாகப் பாருங்கள். 15 செ.மீ. சதுரம்தான் வெள்ளாட்டுக்கு எமன். தலை போகும், கொம்பு திரும்ப வராது. மாட்டிக்கொண்ட ஆடு நாய்க்குத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. 10 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, குட்டி இருப்பதால் 5 செ.மீ.க்கு 10 செ.மீ. வெல்டு மெஷ் இன்னும் நல்லது. உயரம் நாய்க்கு 1.5 மீட்டர் இருந்தால் பெரும்பாலும் போதும், நான் 1.8 போட்டிருக்கிறேன். சிறுத்தை மாதிரி நடமாடும் இடம் என்றால் உயரம் பற்றிய பேச்சே வேண்டாம், மேலேயும் மூடணும்.

தூணுக்குச் செலவைக் குறைக்க ஒரு வழி. டான்சானியாவில் மாசாய் மக்கள் சிங்கத்துக்குப் பயந்து முன்பெல்லாம் முள்கிளையை வெட்டிப் போட்டுப் பட்டி கட்டுவார்கள். இப்போது நிறைய இடத்தில் கொம்மிஃபோரா மரக்கொம்பை நட்டு, அது துளிர்த்து வேர் பிடித்ததும் அதையே தூணாக்கி அதில் செயின் லிங்க் கட்டுகிறார்கள். கரையான் அரிக்காது, வருஷம் போகப் போகப் பருக்கும். கொம்பை வெட்டி நட்டால் பிழைக்கிற மரம் எதுவாக இருந்தாலும் இதைச் செய்யலாம். மரம் பருக்கும்போது கட்டுக்கம்பி உள்ளே புதையாமல் அவ்வப்போது தளர்த்திவிட வேண்டும், அதுதான் ஒரே தொல்லை.


கடப்பாரை எழுதியது:

தோட்டக்காரி அக்கா சொன்னது சரி, கீரி பகல் ஆள்தான். எழுதும்போது யோசிக்கவில்லை.

புதைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்களே. நான் புதைக்க மாட்டேன். தோண்டுகிற விலங்கு வேலியில் முட்டிய இடத்திலேயே தோண்ட ஆரம்பிக்கும், நாலடி பின்னால் வந்து தோண்டுகிற அறிவு அதற்குக் கிடையாது. அதனால் வலையை அடியில் எல் மாதிரி வெளிப்பக்கம் மடித்து 45 முதல் 60 செ.மீ. வரை தரையில் படுக்க வைத்து, முளை அடித்து, மேலே கொஞ்சம் மண்ணும் கல்லும் போட்டுவிட்டால் முடிந்தது. புல் முளைத்து அதுவே பிடித்துக்கொள்ளும். செங்குத்தாகப் புதைத்த வலை மண்ணுக்குள் துருப்பிடித்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. உள்பக்கம் மடிக்காதீர்கள், அது ஒன்றுக்கும் உதவாது.


ஒருநொடித்துடிப்பு எழுதியது:

மின்வேலியை எல்லோரும் ஒதுக்கிவிட்டீர்கள். ஐந்து வருஷமாக வைத்திருக்கிறேன், நான் கொஞ்சம் பரிந்து பேசுகிறேன்.

முதலில் ஒன்று. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது மின்வேலி அல்ல, கொலை. அதில் மாட்டினவர் கையை எடுக்க முடியாது. எனர்ஜைசர் என்ற பெட்டி செய்வது வேறு, நொடிக்கு ஒரு தரம், கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு ஒரு துடிப்பு. சுள்ளென்று அடித்துவிட்டு விட்டுவிடும். இதற்கென்று ஐ.இ.சி. 60335-2-76 என்று சர்வதேசப் பாதுகாப்புத் தரம் இருக்கிறது, பெட்டியில் அந்த எண் இல்லாவிட்டால் தொடாதீர்கள். முள்கம்பியில் ஒருபோதும் இணைக்காதீர்கள், மாட்டிக்கொண்டது விடுபட முடியாமல் அடி வாங்கிக்கொண்டே இருக்கும்.

மின்வேலி வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்குக் குறை எர்த்தில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. துடிப்பு கம்பியிலிருந்து விலங்கு வழியாக மண்ணில் இறங்கி, மண்ணுக்குள் அடித்த உலோகக் கம்பியான எர்த் ராடு வழியாகப் பெட்டிக்குத் திரும்பணும். ஒரு சின்னக் குச்சியைக் குத்திவிட்டு அடிக்கவில்லை என்றால் எப்படி? 2 மீட்டர் நீள ராடு மூன்று, 3 மீட்டர் இடைவெளியில், ஈரம் நிற்கிற இடத்தில். மண் காய்ந்துபோகிற காலத்தில் அதுவும் போதாது, அப்போது ஒரு கம்பி மின் கம்பி, அடுத்தது எர்த் கம்பி என்று மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும், இரண்டையும் சேர்த்துத் தொட்டால் அடிக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது முழு மின்வேலி அல்ல. பட்டி வலைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் ஒரே ஒரு கம்பி. தோண்ட வருகிற நாயின் மூக்கு முதலில் அதில்தான் படும். ரோமத்தில் பட்டால் பெரிதாகத் தெரியாது, மூக்கில் பட்டால் ஜன்மத்துக்கும் மறக்காது. உச்சியில் இன்னொரு கம்பி, ஏறுகிறதற்கு. கம்பியில் 4,000 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை டெஸ்டரால் பார்க்கணும், புல் வளர்ந்து தொட்டால் எல்லாம் அதிலேயே இறங்கிவிடும். களை வெட்டச் சோம்பேறித்தனம் என்றால் இந்த ஏற்பாடே வேண்டாம்.

கொம்பு ஆடு இருக்கிற இடத்தில் அந்த மின்சார வலை மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக் நூலும் கம்பியும் சேர்த்துப் பின்னியது. சுற்றிக்கொண்டால் குட்டி செத்தே போகும்.


முற்றத்துக்கோழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் வேலை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முற்றத்து ஓட்டை துருதான். விரலால் தொட்டதும் உதிர்ந்தது, நான் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். சலித்த மண்ணில் அங்கே ஒரு தடமும் இல்லை, என் செருப்புத் தடம் தவிர.

அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே. கதவு சாத்தித்தான் இருந்தது. கூரை மேல் ஏறினேன், விதையோடு எச்சம் மூன்று இடத்தில். பின்பக்க மரக்கிளை ஒன்று தகரத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. சுவர்வலை முடிகிற இடத்துக்கும் தகரத்துக்கும் நடுவே 10 செ.மீ., காற்று வரட்டும் என்று நானே விட்ட இடைவெளி. தூசியில் ஐந்து விரல் தடம், தகர விளிம்பில் முடி.

ஆட்டுப் பக்கம் முள்கம்பிக்கு வெளியே நான்கு விரல், நகத்தோடு, இரண்டு அளவில். ஆக இரண்டு நாயாவது வந்து போகிறது.

கிளையை வெட்டியாயிற்று. கொட்டகைக்கு 12 மி.மீ. வெல்டு மெஷ், பட்டிக்கு 5க்கு 10 மெஷ் 1.8 மீட்டர், அடியில் வெளிமடிப்பு. மின்கம்பி அடுத்த மாதம் பார்க்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு சந்தேகம். கூரை இடைவெளியைப் பலகை வைத்து அடைத்துவிடலாமா? கொட்டகைக் கதவுக்குக் கீழே இரண்டு விரல் சந்து இருக்கிறது, அதற்கு என்ன செய்வது?


தோட்டக்காரி எழுதியது:

பலகை வேண்டாம் தம்பி. எச்சத்திலிருந்து வருகிற அமோனியா வெளியே போக வழியில்லாமல் கோழிக்குக் கண்ணும் மூச்சும் கெடும். அதே 12 மி.மீ. வலையை மேலே தகரம் வரை ஏற்றிச் சட்டத்தில் அடித்துவிடுங்கள். தகரத்தின் நெளிவில் அரைவட்டமாக ஓட்டை நிற்கும், அதையும் விடாதீர்கள், வலையைச் சுருட்டித் திணித்து ஸ்குரு போடுங்கள்.

கோழி உட்காருகிற கழியைச் சுவர்வலையிலிருந்து இரண்டு அடி உள்ளே தள்ளிப் போடுங்கள். வலையை ஒட்டித் தூங்கினால் வெளியிலிருந்தே நகத்தால் பிறாண்டும்.

இன்னும் சில நாளைக்கு ராத்திரி ஒருமுறை போய்ப் பாருங்கள். ருசி கண்டது திரும்ப வரும்.


வெல்டிங்பொறி எழுதியது:

கதவுக்குக் கீழே கல் பலகை ஒன்றைப் படிமாதிரிப் பதியுங்கள், கதவு அதன் முகத்தில் வந்து முட்டுகிற மாதிரி, சந்து விரல் நுனிகூட நுழையாத அளவுக்கு. கொக்கி ஒன்று போதாது, மேலே ஒன்று கீழே ஒன்று. கீழ் மூலையைத் தள்ளினால் கதவு வளைந்து சந்து விடும், அதற்குத்தான் கீழ்க் கொக்கி. தூக்கித் திறக்கிற கொக்கி வேண்டாம், நாய் மூக்கால் தூக்கும், தாழ்ப்பாளில் ஒரு பின் செருகிவிடுங்கள்.

கல்லைப் பதிக்கும்போது வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவு வையுங்கள், இல்லாவிட்டால் முதல் மழைக்கே தண்ணீர் உள்ளே நிற்கும்.